பாறையின் நேரப்படி புதுக்கோட்டை: மூன்று நாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், மதுரை, செட்டிநாடு என்று சுற்றுகிறவர்கள் எல்லாரும் எப்படியும் ஒரு தடவையாவது புதுக்கோட்டையைத் தாண்டிப் போயிருப்பார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. ஜன்னல் வழியே பார்த்தால் இறங்கத் தோன்றாது என்பதும் உண்மைதான். முந்திரிக் காடு, தைல மரம், செம்புறாங்கல் மண், நடுவே வற்றிய கண்மாய், தூரத்தில் யானைகள் படுத்திருப்பது போல மொட்டைப் பாறைகள். அவ்வளவுதான் தெரியும்.

அந்த மொட்டைப் பாறைகளில்தான் விஷயமே இருக்கிறது. சமண முனிவர் படுத்த கல் படுக்கை, சுரம் பிரித்து எழுதிய இசைக் கல்வெட்டு, தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தைய கற்றளி (கல்லால் கட்டிய கோயில்) எல்லாம் இங்கே ஒன்றுக்கொன்று அரை மணி நேரப் பயணத்தில் கிடைக்கின்றன. பெரும்பாலும் நீங்களும் ஒரு காவலரும் மட்டும்தான் இருப்பீர்கள்.

பல தடவை போய் வந்த பிறகு எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. வரைபடத்தைப் பார்த்து, பக்கத்துப் பக்கத்து ஊராகக் கோத்துக்கொண்டு போனால் இந்தப் பகுதி கைக்குச் சிக்காது. பாறை எப்போது சுடும், எப்போது குளிரும், எந்தக் கோயில் முகத்தில் எப்போது வெயில் விழும் என்று பார்த்து நாளை அமைக்க வேண்டும். முக்கியமான மூன்று இடங்கள், அதாவது சித்தன்னவாசலில் பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயில், நார்த்தாமலை விஜயாலய சோழீஸ்வரம், கொடும்பாளூர் மூவர் கோயில் மூன்றுமே மேற்குப் பார்த்தவை. காலையில் போனால் முகம் இருட்டாக இருக்கும். சாயங்கால வெயிலில்தான் சிற்பம் கண்ணைத் திறக்கும். கீழே உள்ள திட்டம் முழுக்க இதை வைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழை பெய்து ஓய்ந்திருக்கும், கண்மாயில் தண்ணீர் இருக்கும், பாறைச் சுனைகள் நிரம்பியிருக்கும். தை மாதம் என்றால் ஏதாவது ஓர் ஊரில் ஜல்லிக்கட்டு நடக்கும். மாநிலத்தில் வாடிவாசல்கள் மிக அதிகமாகத் திறக்கும் மாவட்டங்களில் இது ஒன்று. சித்திரை, வைகாசியில் தயவுசெய்து வேண்டாம். ஒரு தடவை மே மாதம் பகல் இரண்டு மணிக்கு நார்த்தாமலைப் பாறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். பத்தடி போவதற்குள் பாதம் பொங்கிவிட்டது. இரண்டு நாள் சரியாக நடக்க முடியவில்லை.

தங்குவதற்குப் புதுக்கோட்டை நகரமே போதும். திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பேருந்தில் வந்துவிடலாம். திருச்சி–காரைக்குடி ரயில் பாதையிலும் இருக்கிறது. எல்லா ஊருக்கும் நகரப் பேருந்து உண்டு, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. தினமும் ஒரு ஆட்டோவோ காரோ நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வது நல்லது. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு நல்ல டார்ச், தடிமனான ஒரு ஜோடி காலுறை. கோயில் இருக்கும் பாறையில் செருப்பு போட முடியாத இடங்களில் காலுறை காப்பாற்றும். மலையடிவாரங்களில் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

முதல் நாள்: சித்தன்னவாசல், குடுமியான்மலை, மறுபடியும் சித்தன்னவாசல்

ஒரே இடத்துக்கு ஒரே நாளில் இரண்டு தடவையா என்று கேட்பீர்கள். ஆமாம், அதில்தான் லாபம்.

காலையில் திறந்தவுடன் சித்தன்னவாசல் போய்விடுங்கள். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். போகும் வழியில் சாலைக்குப் பக்கத்திலேயே பெருங்கற்கால ஈமச் சின்னங்கள், கல்வட்டங்கள் இருக்கின்றன. ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். இங்கே மனிதர்கள் எவ்வளவு காலமாக வாழ்கிறார்கள் என்பது அந்தக் கற்களைப் பார்த்ததும் மனதில் பதிந்துவிடும்.

முதலில் ஏற வேண்டியது ஏழடிப்பட்டம். மலை மேல் ஓர் இயற்கைக் குகைத்தளம். தரையில் வழவழவென்று தேய்த்த 17 கல் படுக்கைகள், ஒவ்வொன்றிலும் தலை வைக்கச் சற்றே மேடாக்கிய கல் தலையணை. ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கல்வெட்டு. எருமைநாட்டுக் குமிழூரில் பிறந்த காவுடி என்ற முனிவருக்காக, சிறுபொசில் இளயர் செய்துகொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நன்கொடைச் சீட்டு என்றே வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எழுத்தின் மேல் கை வைக்காமல், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நிழல் கட்டி எழும். அதே படுக்கைகளில் நம் காலத்து ஆட்கள் கீறிவைத்த பெயர்களும் கண்ணில் படும். மனசு வலிக்கும்.

அங்கிருந்து இறங்கியதும் அறிவர் கோயிலுக்குப் போகாமல், அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலைக்குப் போய்விடுங்கள். பெரும்பாலான கோயில்களைப் போல இங்கும் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். பத்து, பத்தரைக்குள் சேர்ந்துவிட்டால் நிதானமாகப் பார்க்கலாம்.

குடுமியான்மலையில் மூலவர் சிகாநாதர். லிங்கத்துக்குக் குடுமி. அர்ச்சகர் ஒருவர் சுவாமிக்கு வைத்த பூவைத் தன் காதலிக்குக் கொடுத்துவிட்டார். திடீரென்று அரசர் வந்துவிட, அவள் தலையிலிருந்து எடுத்த பூவையே பிரசாதமாகக் கொடுத்தார். பூவில் முடி. "சுவாமிக்கே குடுமி உண்டு" என்று அர்ச்சகர் வாய்க்கு வந்ததைச் சொல்ல, பக்தனைக் காப்பாற்ற சிவன் நிஜமாகவே குடுமியோடு நின்றார் என்பது தலக் கதை.

மண்டபத் தூண்களில் நாயக்கர் காலச் சிற்பங்கள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கின்றன. பத்துத் தலை ராவணன், ரதி, மன்மதன், மோகினி, இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், பாயும் குதிரை வீரர்கள். விரல் நகம், காதணி, இடுப்பு மணி வரை செதுக்கியிருக்கிறார்கள். இவற்றுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். ஆனால் நேரத்தை எல்லாம் இங்கேயே கொட்டிவிடாதீர்கள்.

ஏனென்றால் பின்னால், மேலைக்கோயில் என்ற குடைவரைக்கு (பாறையைக் குடைந்த கோயிலுக்கு) பக்கத்துப் பாறையில், சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில் அந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு. எழுத்து கிரந்தம். ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் அந்தக் காலத்து ஒரு பண் வகைக்கு. சுரங்களை நான்கு நான்காகக் கோத்து எழுதியிருக்கிறார்கள். ஒரே சுரத்துக்கே ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாற்றி எழுதியிருப்பதைப் பார்த்தால், சுருதியின் நுண்ணிய வேறுபாட்டைக் கூடக் கல்லில் பிடித்துவைக்க முயன்றிருக்கிறார்கள் என்று புரியும். உருத்திராசாரியாரின் மாணாக்கனான ஓர் அரசன் செய்வித்தது என்று கல்வெட்டே சொல்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்மப் பல்லவன் என்று வெகு காலம் நம்பினார்கள். பெயர் கல்லில் இல்லை. வடமொழியில் போகும் கல்வெட்டின் கடைசியில் தமிழில் ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய". எட்டு நரம்பு யாழுக்கும் ஏழு நரம்பு யாழுக்கும் பொருந்தும் என்று பொருள் சொல்கிறார்கள். பாட்டுப் படித்தவர் யாராவது உங்களுடன் இருந்தால் அந்த இடத்தை விட்டு அவரை இழுத்து வருவது கஷ்டம்.

மலை மேல் பாறையில் 63 நாயன்மார்களையும் வரிசையாகப் புடைத்துச் செதுக்கியிருக்கிறார்கள், நடுவே ரிஷபத்தின் மேல் அம்மையப்பர். கீழிருந்தே தெரியும்.

அன்னவாசலில் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு மறுபடி சித்தன்னவாசல். இப்போது அறிவர் கோயில்.

வெளியே நிற்கும் தூண் மண்டபம் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில் சேர்த்தது; அதன் தூண்கள் குடுமியான்மலையில் பாழாகிக் கிடந்த மண்டபத்திலிருந்து கொண்டுவந்தவை. காலையில் பார்த்த தூண்களின் உறவுக்காரர்கள் என்று அடையாளம் கண்டுகொள்வீர்கள். உள்ளே சின்ன அர்த்த மண்டபம். ஒரு பக்கச் சுவரில் பாம்புக் குடையோடு பார்சுவநாதர், எதிரே ஓர் ஆசாரியர்.

கண் இருட்டுக்குப் பழகும் வரை பேசாமல் நில்லுங்கள். பிறகு அண்ணாந்து பாருங்கள். ஒரு தாமரைக் குளம். இலைகள் பச்சை, மொட்டும் மலருமாகத் தாமரை, நடுவே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். மூன்று ஆண்கள் குளத்தில் இறங்கிப் பூப் பறிக்கிறார்கள். சமண மரபில் சமவசரணத்துக்கு, அதாவது தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சபைக்கு, போகும் வழியில் பவ்வியர்கள் என்னும் பக்தர்கள் இறங்கும் குளம் அது. பார்க்கும்போது நம் ஊர்க் கண்மாய்தான் ஞாபகம் வரும். இலை எல்லாம் தட்டையாகப் படுத்திருக்காமல், ஒன்று மடங்கி, ஒன்று புரண்டு, ஒன்று காற்றில் தூக்கி நிற்கிறது. குளத்தில் நின்று பார்த்த ஒருவன்தான் இப்படி வரைந்திருக்க முடியும். கோயிலுக்குள் நுழையும் இரண்டு தூண்களின் மேல் பாகத்தில் நடனப் பெண்கள். வண்ணம் உதிர்ந்தது போக, ஒரு கை வீச்சும் இடுப்பு வளைவும் மட்டும் மிச்சம். அதுவே போதுமாக இருக்கிறது.

இதையும் ஒரு காலத்தில் மகேந்திரவர்மன் கணக்கில்தான் எழுதினார்கள். பிறகு மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர், அவனிபசேகர பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் கோயிலைப் புதுப்பித்தார் என்று சொல்லும் கல்வெட்டு கவனத்துக்கு வந்தது. அதனால் இப்போது காணும் ஓவியங்களை 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணியாகக் கொள்கிறார்கள். கருவறையில் ஒருவர் நின்று 'ம்' என்று நீட்டினால் அறை முழுக்க அதிரும். காவலர் அதைச் செய்து காட்டுவார். படம் எடுக்கலாமா என்று அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

இரண்டாம் நாள்: தெற்கே திருமயம், நடுப்பகலில் அருங்காட்சியகம், மாலையில் நார்த்தாமலை

திருமயம் காரைக்குடி சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். சாலையிலேயே கோட்டை பைரவர் இருக்கிறார். போகிற வண்டி எல்லாம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகும், உங்கள் டிரைவரும் நிறுத்துவார்.

கோயில்களை முதலில் பாருங்கள், கோட்டை பிறகு. ஒரே பாறையின் அடியில் சத்தியகிரீஸ்வரர், சத்தியமூர்த்திப் பெருமாள் என்று இரண்டு குடைவரைகள். பெருமாள் கோயில் திருமங்கையாழ்வார் பாடியது. உள்ளே பள்ளிகொண்ட பெருமாள், குகையின் நீளத்துக்கே. மது, கைடபர் பெருமாளைத் தாக்க வர, ஆதிசேஷன் விஷ மூச்சால் விரட்டும் காட்சியைச் சுவர் முழுக்கச் செதுக்கியிருக்கிறார்கள். ஓடும் அசுரர் முகத்தில் பயம் தெரிகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு கோயில்காரர்களுக்கும் இடையே வருமானத்திலும் நிலத்திலும் வெகு காலம் தகராறு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சளத் தளபதி அப்பண்ணன் முன்னிலையில் தீர்த்துவைத்து, பங்கீட்டைக் கல்லில் வெட்டினார்கள். சிவன் குகையில் இருந்த இசைக் கல்வெட்டு பெரும்பகுதி அழிந்துபோயிற்று. குடுமியான்மலையில் முழுசாகப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, இங்கே மிஞ்சியிருக்கும் நாலைந்து எழுத்து அந்த இழப்பைச் சொல்லும்.

கோட்டையை 1687-இல் சேதுபதி கட்டினார். பிறகு தொண்டைமான்கள் கைக்கு வந்தது. ஊர்க்காரர்கள் ஊமையன் கோட்டை என்பார்கள். பாதி மலையில், பாறையின் நடுவே சதுரமாகக் குடைந்த ஒரு சின்ன லிங்க அறை. இரும்பு ஏணியில் ஏறித்தான் எட்டிப் பார்க்க முடியும். உச்சியில் ஒரு பீரங்கி. அங்கிருந்து சுற்றிலும் பார்த்தால் கண்மாய்க்கு மேல் கண்மாயாகக் கண்ணுக்கு எட்டும் வரை தெரியும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத நாடு இது. வெள்ளாறும் மழைக்குத்தான் ஓடும். பெய்கிற மழையைப் பிடித்துவைத்துத்தான் இத்தனை நூற்றாண்டு பிழைத்திருக்கிறார்கள் என்பது இந்த உச்சியில் நிற்கும்போது விளங்கும்.

தொண்டைமான்களைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழவன் சேதுபதியின் மைத்துனர் ரகுநாதராயத் தொண்டைமானில் தொடங்கி, 1948 மார்ச் மாதம் இந்திய யூனியனோடு இணையும் வரை இது தனிச் சமஸ்தானம். 1799-இல் கட்டபொம்மன் பிடிபட்டது இந்த நாட்டுத் திருக்களம்பூரில்தான். அவரைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த பழி தொண்டைமான் பெயரோடு ஒட்டிக்கொண்டது. உள்ளூரில் அதைப் பற்றி இன்றும் சூடாகப் பேசுவார்கள். அதே சமஸ்தானத்தின் மன்னர் கல்லூரியில்தான், பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்ற எதிர்ப்பை மீறி, 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி படித்தார். இரண்டையும் சேர்த்துத்தான் இந்த ஊரைப் பார்க்க வேண்டும். அன்றைய புது அரண்மனை இப்போது கலெக்டர் அலுவலகம்.

வெயில் உச்சிக்கு வரும்போது திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். 1910-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் உங்கள் இரண்டாம் நாள் வெள்ளியாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே தேட வேண்டியது அம்மன் காசு. சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய செப்புக் காசு. ஒரு பக்கம் உட்கார்ந்த பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. நவராத்திரியில் மக்களுக்கு அரிசியோடு இந்தக் காசும் கொடுப்பது சமஸ்தான கால வழக்கம். அந்தப் பிரகதாம்பாள் இருப்பது பக்கத்துக் கோகர்ணேஸ்வரர் குடைவரைக் கோயிலில். காசில் இருந்ததால் மக்கள் வாயில் அரைக்காசு அம்மன். சாவியோ நகையோ காணாமல் போனால் வெல்லம் வேண்டிக்கொண்டு தேடுகிற பழக்கம் தமிழ்நாடு முழுக்கப் பல வீடுகளில் இருக்கிறதே, அந்த அரைக்காசு அம்மன்தான் இவள்.

மூன்று மணிக்கு நார்த்தாமலைக்குக் கிளம்பிவிடுங்கள். திருச்சி சாலையில் சுமார் 17 கிலோமீட்டர். ஒன்பது பாறைக் குன்றுகள் சேர்ந்த ஊர். நானாதேசத்துத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவுக்கு இது பெரிய மையம். நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்பார்கள். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, மற்ற நாளில் இந்த ஊர் இவ்வளவு அமைதியா என்று இருக்கும்.

ஏற வேண்டியது மேலமலை. இருபது நிமிட ஏற்றம், செங்குத்து கிடையாது. வழியில் தலையருவிச் சிங்கம் என்ற சுனை. தண்ணீருக்கு அடியில் குடைந்த சிறு கோயிலும் லிங்கமும் இருக்கின்றன, சுனையை இறைத்தால்தான் பார்க்க முடியும். இன்னும் சற்று ஏறித் திரும்பினால் அகன்ற பாறைத் தளத்தில் விஜயாலய சோழீஸ்வரம்.

பெயரில் சோழன் இருக்கிறான். கல்வெட்டோ வேறு கதை சொல்கிறது. சாத்தன் பூதி என்ற முத்தரையத் தலைவன் எடுத்த கற்றளி, மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான். 9-ஆம் நூற்றாண்டு. வெளியே சதுரமான சுவர். அதற்குள் வட்டமான கருவறை. மேலே விமானம் சதுரமாக ஏறி, உச்சியில் வட்டமாக முடிகிறது. கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய பாதை. விமானத்தின் விளிம்பில் ஆடும் பெண்கள். சுற்றிலும் இருந்த எட்டுச் சிறு கோயில்களில் ஆறு மிச்சம். நாலரை மணி வெயில் நேராக முகத்தில் விழும்போது சாம்பல் நிறக் கல் தேன் நிறமாகும். வாயில் காவலர்களின் புருவம் கூடத் தெரியும்.

எதிர்ப் பாறையில் இரண்டு குடைவரைகள். சிறியது பழியிலி ஈஸ்வரம். பெரியது சமணர் குடகு. முதலில் சமணருடையது, 13-ஆம் நூற்றாண்டுக்குள் பெருமாள் கோயிலாக மாறியது. உள்ளே ஆளுயரத்தில் 12 விஷ்ணு உருவங்கள், அச்சில் வார்த்தது போல ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாமல் நிற்கின்றன. வெளியே அடித்தளத்தில் யானை, சிங்கம், யாளி என்று ஓடும் வரிசையை விட்டுவிடாதீர்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்; பாறையில் வழி தெரியாது.

மூன்றாம் நாள்: மேற்கா, கிழக்கா

இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியாது. எனக்கு விட்டால் கிழக்குதான். ஆனால் திருச்சி வழியாகத் திரும்புகிறவர்களுக்கு மேற்கு வசதி.

மேற்கு என்றால் காலையில் விராலிமலை. மயில்கள் கூட்டம் கூட்டமாகத் திரியும் முருகன் மலை. சுவாமிக்குச் சுருட்டு படைக்கிற கோயில் இது. பரதநாட்டியத்துக்கு முன்னோடியான சதிராட்டத்தின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த முத்துக்கண்ணம்மாள் இந்த ஊர்க்காரர்; 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மாலையில் கொடும்பாளூர். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழி மூன்றாகப் பிரிவதாகச் சிலப்பதிகாரம் சொல்லும் ஊர். இடங்கழி நாயனார் ஊரும் இதுவே. இந்தப் பகுதியை ஆண்ட இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தனக்கும் தன் மனைவியர் கற்றளி, வரகுணை இருவருக்குமாக எடுத்த மூன்று கோயில்களில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் இருக்கிறது.

கிழக்கு என்றால் சீக்கிரம் கிளம்ப வேண்டும். நிலம் மெல்ல மாறும். கீரமங்கலம் பக்கம் வந்தால் பலாவும் பூந்தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலுமாகப் பச்சை. குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் முன்னால் நிற்கும் பெரிய குதிரைச் சிலையின் கால் அருகே நின்று மேலே பாருங்கள். முன்னங்கால்கள் அந்தரத்தில், கழுத்து மரங்களுக்கு மேலே. மாசி மகத்தன்று வண்டி வண்டியாகக் காகித மாலை கொண்டுவந்து சாத்துவார்கள். மழை வரும் வரை குதிரை உடம்பே தெரியாது.

அங்கிருந்து அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகர் குதிரை வாங்க வைத்திருந்த பாண்டியன் பணத்தைக் கொட்டிக் கட்டியதாகச் சொல்லும் திருப்பெருந்துறை இதுதான். கல் கொடுங்கையை (வளைந்து இறங்கும் கூரை விளிம்பை) கட்டாயம் பாருங்கள். மரத்தில் சட்டம், குமிழ், ஆணி வைத்து இழைத்தது போலவே கருங்கல்லில் செய்திருக்கிறார்கள். அந்தக் காலச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று எழுதுவார்களாம்.

உச்சிக்காலத்துக்கு முன் போய்ச் சேருங்கள். இங்கே கருவறையில் லிங்கம் கிடையாது, அதைத் தாங்கும் பீடமான ஆவுடை மட்டும். நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. உருவம் இல்லாத சுவாமிக்குப் புழுங்கல் அரிசிச் சோறு, கீரை, பாகற்காயோடு நைவேத்தியம். வடித்த சூட்டோடு சோற்றைக் கல் மேல் கொட்டிப் பரப்புவார்கள். அதிலிருந்து எழும் ஆவிதான் படையல். கூட்டம் இருக்காது. முன்னால் நகர்ந்து நின்றுகொள்ளுங்கள். விளக்கு வெளிச்சத்தில் ஆவி எழுந்து வளைந்து மறைவது ஓரிரு நிமிடம்தான்.

பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் அறந்தாங்கிக்குப் பேருந்து கிடைக்கும். அங்கிருந்து புதுக்கோட்டைக்கு அடிக்கடி வண்டி உண்டு.